நெல் மூட்டைக்குள் ஒரு மைக்

எங்கள் வீட்டில் அக்காவுக்கு இரண்டு பட்டம். ஒன்று பி.எட்., அது அவளே படித்து வாங்கியது. இன்னொன்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து கொடுத்தது: 'சும்மாதானே இருக்க'.

சும்மாதானே இருக்க, அடுப்புல பால் இருக்கு பாரு. சும்மாதானே இருக்க, ரேஷன் கடை வரைக்கும் போயிட்டு வா. பக்கத்து வீட்டு அத்தை, அதாவது அப்பாவின் தங்கச்சி, ஊறுகாய் போட்டு விற்கிறவள். ஒரு கூடை எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து அக்கா மடியில் கவிழ்த்துவிட்டு, "சும்மாதானடி இருக்க, நறுக்கி வையி" என்று போய்விடுவாள். மச்சானுக்கு சிங்கப்பூரில் வேலை. அக்கா பாபநாசம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்துவிட்டு, அந்த வேலை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்த அன்று சாயங்காலமே பட்டாபிஷேகம் நடந்துவிட்டது.

நானும்தான் வீட்டில் இருந்தேன். பத்தாம் வகுப்போடு கணக்குப் பாடமும் நானும் பேசிப் பிரிந்துவிட்டோம். ஆனால் என்னை யாரும் சும்மா இருக்கிறவன் என்று சொன்னதில்லை. நான் பைக்கில் சுற்றிக்கொண்டே சும்மா இருந்தேன், அதனால் கண்ணில் படவில்லை.

அக்காவின் குரல் கொள்ளை அழகு. இதை அவள் முகத்துக்கு நேராக ஒருநாளும் சொன்னதில்லை. தம்பி என்றால் சில கொள்கைகள் வேண்டும். போனில் கதை கேட்கிற ஆப் ஒன்று, கதை படிக்க ஆள் தேடியது. ஒரு பேய்க்கதையிலிருந்து ஒரு துண்டை அனுப்பி, படித்துப் பதிவு செய்து அனுப்பச் சொன்னார்கள். பிடித்திருந்தால் முழுத் தொடரும் கிடைக்கும், வீட்டிலிருந்தே வேலை. அக்கா போனை வாய்க்கு நேரே பிடித்துப் படித்து அனுப்பினாள். பதில் வந்தது. குரல் பிரமாதமாம். ஆனால் பின்னணிச் சத்தம் அதிகமாம். நல்ல மைக்கில், அமைதியான அறையில் பதிவு செய்து, புதன்கிழமை மாலை ஆறு மணிக்குள் மறுபடி அனுப்ப வேண்டுமாம். அதற்கு மேல் வாய்ப்பு கிடையாதாம்.

பின்னணிச் சத்தம் என்று அவர்கள் மரியாதையாகச் சொல்லியிருந்தார்கள். நான் அந்தப் பதிவைக் கேட்டேன். நடுநிசியில் பாழடைந்த பங்களாவின் கதவு மெல்லத் திறக்கிறது, உள்ளேயிருந்து யாரோ மூச்சு விடுகிறார்கள், அப்போது எங்கள் அம்மா, "ஏண்டி, சும்மாதானே இருக்க, மோட்டாரை அமத்து!" என்கிறாள்.

நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"இது கிடைச்சா, நான் வேலை பாக்குறேன்னு சொல்லிக்குவேன்டா," என்றாள். "வேற ஒண்ணும் வேணாம். அதச் சொல்லணும்."

அவள் அப்படிக் குரலைத் தாழ்த்திப் பேசினால் என்னால் கேலி செய்ய முடியாது. அதனால் மைக் வாங்கப் போனேன்.

அந்த ஒரு வாரம் நான் போனில் மைக் வீடியோவாகவே பார்த்தேன். எல்லா வீடியோவிலும் ஒரே மாதிரி தாடி வைத்த ஒருவர், பின்னால் கறுப்புப் பஞ்சு ஒட்டிய சுவர். கல்யாண மண்டபத்து மைக் வேறு, கண்டென்சர் மைக் வேறு என்று அப்போதுதான் தெரிந்தது. மண்டப மைக்கைக் கடித்துத் தின்பது மாதிரி வாயில் வைத்துக் கத்த வேண்டும். கண்டென்சருக்கு அது வேண்டாம். நாம் தள்ளி உட்கார்ந்து முனகினாலே போதும், பக்கத்தில் எறும்பு கொட்டாவி விட்டாலும் பிடித்துக்கொள்ளும். இருப்பதிலேயே விலை குறைந்ததாகவும், படத்தில் பார்த்தால் விலை கூடியது மாதிரித் தெரிவதாகவும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். லேப்டாப்பில் நேராகச் சொருகினால் வேலை செய்யும் வகை.

பார்சலைப் பிரித்ததும் அப்பா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னடா இது, பாகக்கா மாதிரி இருக்கு?"

"கண்டென்சர் மைக்குப்பா. ரொம்ப நுணுக்கமா கேக்கும்."

"இந்த வீட்டுல ஒண்ணாவது கேக்குதே," என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

கேட்டது. அதுதான் பிரச்சினை. கூடத்தில் வைத்து அக்காவைப் படிக்கச் சொன்னால், அத்தை வீட்டு மிக்ஸி, கொல்லையில் மைனா, கும்பகோணம் போகிற ரயிலின் ஹாரன், என் வயிறு, எல்லாம் தெளிவாகப் பதிவாயின. அக்காவின் குரல் மட்டும் கிணற்றுக்குள் விழுந்தவள் மாதிரி சுவரில் முட்டி முட்டித் திரும்பி வந்தது. தாடிக்காரர் பஞ்சு ஒட்டச் சொன்னார். எங்களிடம் போர்வைதான் இருந்தது. அக்காவையும் மைக்கையும் சேர்த்துப் போர்வையால் மூடினேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "சளிக்கு வேது புடிக்கிறியாடி? நொச்சி எல போடவா?" என்று கேட்டாள். அதுவும் பதிவாயிற்று.

எங்களைக் காப்பாற்றியது சம்பா அறுவடை. அறுப்பு மிஷின் வந்து போன கையோடு வானம் மூடிக்கொண்டது. தூறலுக்குப் பயந்து அப்பா நெல்லை மூட்டை கட்டிக் கூடத்தில் அடுக்கிவிட்டார். அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் எங்கள் முறை வரும்வரை அங்கேதான் இருக்கும். சுவரே தெரியவில்லை. டிவியைக் கூட மூட்டைகளுக்கு நடுவே எட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் நடுவில் நின்று சும்மா ஒரு கை தட்டினேன். தட்டின சத்தம் அங்கேயே செத்து விழுந்தது.

"அக்கா! ஓடியா! ஸ்டுடியோ வந்துடுச்சு!"

மூட்டைச் சந்துக்குள் அவளை உட்கார வைத்து ஒரு பக்கம் படிக்கச் சொல்லிப் பதிவு செய்தோம். ஹெட்போனில் கேட்டேன். பேய் என் காது மடலில் உட்கார்ந்து பேசிற்று. கை மயிர் எல்லாம் நட்டுக்கொண்டது.

"எப்படிடா இருக்கு?"

"சுமார்," என்றேன். கொள்கை.

நாளைக் காலையில் முழுசாகப் படித்து அனுப்பிவிடலாம், புதனுக்கு ஒரு நாள் முன்னாலேயே முடிந்துவிடும் என்று அக்கா துள்ளினாள். செவ்வாய்க்கிழமை காலையில் மைக்கைச் சொருகினால் பொரி வறுக்கிற சத்தம். சடசட, சடசட. அக்கா வாயே திறக்கவில்லை, அது தானாக வறுத்தது. தாடிக்காரரைக் கேட்டேன். இந்த வகை மைக்குக்கு ஈரம் ஆகாது, ஈரம் ஏறினால் இப்படித்தான் பொரியும், காய வைத்தால் சரியாகும் என்றார். வெளியே பார்த்தால் எதிர்வீடு தெரியாத பனி. காய வைக்க வெயில் எங்கே?

அம்மாதான் வழி சொன்னாள். "அரிசில போடுடா. என் போனு வாளித் தண்ணில விழுந்தப்ப அப்படித்தானே உசுரு வந்துச்சு."

"சரி, குடு உன் அரிசி டின்னை."

"சோத்து அரிசிலயா? எல்லாரும் மூஞ்சிகிட்ட வச்சுப் பேசுன சாமான். அதெல்லாம் முடியாது."

"அப்ப நெல்லுல போடுறேன். அரிசி சட்டை போட்டுக்கிட்டா நெல்லு, அவ்வளவுதானே?"

இந்த விஞ்ஞானம் எங்கள் மூவருக்கும் நியாயமாகவே பட்டது. அரிசிக்கே அந்தச் சக்தி என்றால், சட்டை போட்ட அரிசிக்கு இன்னும் கூடுதலாக இருக்காதா? மைக்கைப் பழைய துண்டில் சுற்றி, நடுவில் இருந்த ஒரு மூட்டையைப் பிரித்து, முழங்கை வரை உள்ளே விட்டுப் புதைத்தேன். எலி புகாமல் இருக்க அம்மா கோணி ஊசியால் வாயைத் தைத்தாள். அவ்வளவு பத்திரம்.

புதன்கிழமை நான் எழுந்திருக்கும்போது வெயில் வந்திருந்தது. "அம்மா, காப்பி," என்றேன். காப்பி, காப்பி, காப்பி என்று கூடம் மூன்று தடவை திருப்பிச் சொல்லிற்று.

கூடத்தில் ஒரு மூட்டை இல்லை. எங்கள் முறை வந்துவிட்டதாக விடியலில் போன் வந்து, அப்பா டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார். காலி கூடத்தின் நடுவில் அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"எங்க வச்ச?"

"மூட்டையில."

"எந்த மூட்டையில?"

"நெல்லு மூட்டையில."

அவள் அடிப்பாள் என்று தோளைத் திருப்பிக் கொடுத்தேன். அடிக்கவில்லை. லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு போய் பைக்கில் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. வாய்க்கால் கரையோரமாகவே போனோம். கடைசி மதகு தாண்டினதும் என் காதருகே அந்தப் பேய்க் குரலிலேயே சொன்னாள்: "மைக் கெடைக்கலன்னா, உன்னைத் தூத்துற மிஷின்ல போட்டுடுவேன்."

கொள்முதல் நிலையம் திருவிழா மாதிரி இருந்தது. களம் நிறைய நெல் குவியல்கள், தார்ப்பாய்கள், பதர் பறக்க உறுமுகிற தூற்றும் மிஷின். அங்கே மூட்டையோடு வாங்க மாட்டார்கள். நம் மூட்டையைப் பிரித்துக் குவித்து, தூற்றி, அவர்கள் சாக்கில் நிறைத்து எடை போட்டுத்தான் வாங்குவார்கள். எங்கள் மூட்டைகள் எல்லாம் பிரிக்கப்பட்டு ஒரே மலையாகக் கிடந்தன. அம்மா தைத்த தையலைக் கத்தியால் கிழித்திருந்தார்கள்.

மலைக்குப் பக்கத்தில் எழுத்தர் ஈரப்பத மீட்டரில் ஒரு கை நெல்லைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா டாக்டர் முன்னால் நிற்கிற மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஈரம் கொஞ்சம் கூட இருக்குங்க," என்றார் எழுத்தர். "களத்துல பரப்பிக் கெளறி விடுங்க. மத்தியானம் மறுபடி பாப்போம்."

அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "ஈர நெல்லுலயாடா ஈரத்தை எடுக்கப் போட்ட?"

ஒரே நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. கூடத்தில் மைக்குக்கு ஈரம் ஏற்றினதே அந்த மூட்டைகள்தான். குளத்தில் விழுந்தவனைத் தூக்கி, துவட்டுவதற்காக ஆற்றில் போட்டிருக்கிறேன். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதை இருமலாக மாற்றினேன்.

"என்னடா இருமுற? இங்க எங்க வந்தீங்க ரெண்டு பேரும்?" என்றார் அப்பா.

"அப்பா, அந்தப் பாகக்கா..."

"ஆமா?"

"இதுக்குள்ள இருக்குப்பா."

அப்பா மலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தூற்றும் மிஷினைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார். "எப்படியும் பரப்பத்தானே சொல்லிருக்காங்க. எறங்குங்க."

நெல்லைக் காய வைக்கும்போது காலைத் தூக்காமல் இழுத்து இழுத்து நடந்து கிளறிவிடுவார்கள். அப்படித்தான் எல்லோரும் நடந்தோம். அப்பா, அக்கா, நான், வேடிக்கை பார்க்க வந்து மாட்டிக்கொண்ட லோடுமேன்கள். வரிசையாக, கைகோக்காத கும்மி மாதிரி. விஷயம் தெரிந்ததும் லோடுமேன்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"மைக்கு கால்ல தட்டுச்சுன்னா ஒரு பாட்டு பாடுவீங்களாண்ணே?"

"டேய், மைக்க விதச்சிருக்கான்டா தம்பி. அடுத்த போகம் ரேடியோ பெட்டியா மொளைக்கும்!"

அப்பா திடீரென்று நின்றார். கால் விரலால் ஒரு துணி முனையைப் பிடித்து இழுத்தார். "இந்தா உன் பாகக்கா."

அக்கா பாய்ந்து வாங்கி, நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். நான் எழுத்தரிடம் போய், "சார், இதையும் உங்க மீட்டர்ல வச்சு ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க சார்," என்றேன்.

"தம்பி, தள்ளிப் போப்பா. இது நெல்லுக்கு மட்டும்தான்," என்றார். ஆனால் சிரித்துவிட்டார்.

லேப்டாப்பில் சொருகினோம். முன்பு பொரி வறுத்தது, இப்போது பட்டாசே வெடித்தது. அப்பா மைக்கை வாங்கி, இன்னும் சூடு ஆறாத டிராக்டர் முகப்பில் துண்டை விரித்து அதன்மேல் படுக்க வைத்தார். களத்தில் நெல்லும், டிராக்டர் மேல் மைக்கும் காய்ந்தன. அப்பா நெல்லை ஒரு சுற்று கிளறிவிட்டு வந்து மைக்கையும் ஒரு தடவை புரட்டிப் போடுவார்.

"ஒரே பக்கம் காஞ்சா பத்தாது," என்றார்.

உச்சிவெயிலில் மீட்டர் நெல்லைப் பாஸ் பண்ணியது. அப்பா விட்ட மூச்சில் கொஞ்சம் பதர் பறந்திருக்கும். அதே ராசியில் மைக்கைச் சொருகினோம். சடசடப்பு போயிருந்தது. அக்கா என் கையைப் பிடித்துக் குதித்தாள். குதித்துக்கொண்டே இருக்கும்போது முகம் மாறினாள்.

"டேய், வீட்டுல மூட்டை இல்லையேடா. கூடம் காலி. எங்க படிக்கிறது?"

நான் திரும்பிப் பார்த்தேன். வாங்கின நெல்லை நிறைத்துத் தைத்து, லாரிக்காக ஆளுயரத்துக்கு மேல் அடுக்கி வைத்திருந்தார்கள். இரண்டு அடுக்குகளுக்கு நடுவே ஓர் ஆள் நுழைகிற சந்து, மேலே தார்ப்பாய். உள்ளே போய்க் கை தட்டினேன். சத்தம் செத்தே போயிற்று. எங்கள் கூடம் இதன் கால்தூசி பெறாது.

சாப்பாட்டு நேரம் வந்து தூற்றும் மிஷின் ஓய்ந்தது. லோடுமேன்களில் மூத்தவரிடம் போய் நின்றேன்.

"அண்ணே, அந்தச் சந்துல அக்கா கொஞ்சம் கதை படிச்சிக்கட்டுமா?"

"எவ்வளவு நேரம்பா?"

"ஒரு பேய் வந்துட்டுப் போற நேரம்தாண்ணே."

சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடி தலையாட்டினார். கவிழ்த்த வாளியில் அக்கா உட்கார்ந்தாள். மூட்டைமேல் லேப்டாப், எதிரில் பாகற்காய். நான் சந்தின் வாயில் காவல். லாரி டிரைவரைக் கும்பிட்டு, வண்டியை எடுக்காமல் நிறுத்தினேன். அப்பா துண்டை வீசிக் குருவி விரட்டினார். எழுத்தர் யாரையோ சத்தமாகக் கூப்பிட்டபோது, காலையில் அவர் முன்னால் மூச்சடக்கி நின்ற அதே அப்பா, "சார், கொஞ்சம் பேசாம இருங்க. உள்ள பதிவு நடக்குது," என்றார். எழுத்தர் வாயில் விரல் வைத்துக்கொண்டார்.

களமே அடங்கிற்று. உள்ளேயிருந்து அக்காவின் குரல் கசிந்தது. பங்களா, கதவு, மூச்சு. கடைசி வரிக்கு வந்தாள். பேய் ரகசியமாகச் சொல்கிற வரி.

"நான் எங்கேயும் போகவில்லை… உன் தலைக்குக் கீழேதான் படுத்திருக்கிறேன்."

"ஆத்தாடீ!"

அடுக்கின் உச்சியில் தார்ப்பாயை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒரு லோடுமேன் தூங்கிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. மூட்டைகளுக்கு அடியிலிருந்து ஒரு பெண் இப்படிச் சொன்னதும் மனிதர் அலறிக்கொண்டு குதித்தார். நல்லவேளை, நெல் குவியலில் விழுந்தார். எழுந்து ஓடினார். சோறு தின்றுகொண்டிருந்தவர்களுக்குப் புரையேறிற்று. என்னால் நிற்க முடியவில்லை, மூட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அக்கா வெளியே வந்தாள். கண் கலங்கியிருந்தது. கேட்டுப் பார்த்தோம். முதலிலிருந்து கண்ணாடி மாதிரி சுத்தம். 'படுத்திருக்கிறேன்' என்பதன் வால்மேல் அந்த அலறல் ஏறி உட்கார்ந்திருந்தது. அதை வெட்டினால் அவள் குரலையும் சேர்த்து வெட்ட வேண்டும். மறுபடி படிக்கலாம் என்றால், டிரைவர் பொறுமை இழந்து லாரியை முடுக்கிவிட்டார். தூற்றும் மிஷினும் கிளம்பிவிட்டது. இனி அது ஓய்வது பொழுது சாய்ந்த பிறகுதான். ஆறு மணிக்கு அக்காவின் வாய்ப்பு முடிந்துவிடும்.

ஓடிப்போன லோடுமேன் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தார். "தங்கச்சி, தெரியாம கத்திட்டேன். வேணும்னா ஒண்ணு பண்றேன். மறுபடி ஏறித் தூங்குறேன், நீ மொதல்லேர்ந்து படி. இந்தத் தடவ கத்த மாட்டேன்."

அக்கா கலங்கின கண்ணோடு சிரித்துவிட்டாள். லேப்டாப்பில் அந்த அலறலை இன்னொரு தடவை ஓடவிட்டாள். "பேயைப் பாத்து ஒரு ஆளு பயந்துருக்காரு. நான் ஒழுங்காத்தானே படிச்சிருக்கேன்?" என்று சொல்லி, அலறலோடு அப்படியே அனுப்பிவிட்டாள்.

பதில் வரும்வரை வீட்டில் பழைய ஆட்சிதான். சும்மாதானே இருக்க, துணி காயப் போடு. சும்மாதானே இருக்க, கோழியைப் புடிச்சு அடை. அக்கா போனை இடுப்பில் சொருகிக்கொண்டே எல்லாம் செய்தாள். பதில் வந்தபோது அத்தை வீட்டு எலுமிச்சம்பழத்தை நறுக்கிக்கொண்டிருந்தாள். கை முழுக்கச் சாறு, அதனால் நான்தான் படித்துக் காட்டினேன். பின்னணி ஒலிகள் எதுவும் சேர்க்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்களாம். இருந்தாலும் அந்தக் கடைசி அலறல் மிக இயல்பாக இருக்கிறதாம், இருக்கட்டுமாம். தொடர் முழுக்க அக்காவுக்குத்தானாம். ஒரே ஒரு நிபந்தனை. ஒலி மாறாமல் இருக்க, எல்லா அத்தியாயங்களையும் 'அதே அறையில்' பதிவு செய்ய வேண்டுமாம்.

அதே அறை, பதிவு செய்த அன்று சாயங்காலமே லாரியில் ஏறிக் கிடங்குக்குப் போய்விட்டது.

நானும் அக்காவும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தோம். அவள் எலுமிச்சைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எரிச்சலில் கத்திக்கொண்டே சிரித்தாள். பதிலைக் கேட்ட அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். கொல்லைக் கொட்டகைக்குப் போனார். வருஷச் சாப்பாட்டுக்கென்று நாங்கள் விற்காமல் வைக்கிற நெல் அங்கே இருக்கும். ஒரு மூட்டையைப் பிரித்து ஒரு நெல்லை எடுத்துக் கடித்தார்.

"டக்குன்னு ஒடையுது. நல்ல காய்ச்சல், ஈரமே இல்ல. உன் பாகக்காய்க்கு ஒண்ணும் ஆவாது," என்று சொல்லி முதல் மூட்டையை என் முதுகில் ஏற்றினார்.

சின்ன அறையில் அக்காவின் நாற்காலியைச் சுற்றி அடுக்கினோம். எனக்கு முதுகு விட்டுப்போயிற்று. அப்பா நடுவில் நின்று தானே ஒரு கை தட்டிப் பார்த்தார். தலையைச் சாய்த்துக் கேட்டார். "அந்த மூலையில இன்னும் ஒண்ணு போடு," என்றார்.

மறுநாள் அக்கா கதவைச் சாத்திக்கொண்டு முதல் அத்தியாயம் படிக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில், அத்தை கூடையோடு வந்துவிட்டாள்.

"எங்கண்ணே அவ? சும்மாதானே இருப்பா, இந்தப் பழத்தை…"

வாசலை மறித்தபடி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பா கையைத் தூக்கினார்.

"மெதுவா பேசு. அவ வேலை பாக்குறா."

அத்தை அப்பாவைப் பார்த்தாள், மூடின கதவைப் பார்த்தாள். "இத என்ன பண்றது?"

அப்பா நிதானமாகச் சுற்றும் முற்றும் பார்த்தார். பைக் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு கிளம்பின என்மேல் வந்து கண் நின்றது.

"இவன்ட்ட குடு. இவன் சும்மாதானே இருக்கான்."

என்னை உட்கார வைத்துக் கூடையை மடியில் கவிழ்த்தார்கள். நறுக்க ஆரம்பித்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் பேய் ரொம்ப சந்தோஷமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.